கோப்பை நின்ற இடம்

என்னிடம் ஒரு வெள்ளை மங்குக் கோப்பை இருக்கிறது. சோறு போட்டுச் சாப்பிட வாங்கிய அகலமான தட்டு. இப்போது அதன் விளிம்பில் மூன்று துளைகள். மூன்றிலும் கோர்த்த கயிறுகள் மேலே ஒரே கயிறாகச் சேர்கின்றன. அந்தக் கயிற்றில் அரை அடிக்கு ஒரு முடிச்சு. கோப்பையின் கீழே, வலைக்குக் கட்டும் சின்ன ஈயக் குண்டுகள் நாலு.

இதைத் தண்ணீரில் இறக்குவேன். கோப்பை எந்த முடிச்சில் கண்ணுக்கு மறைகிறதோ அந்த முடிச்சை எழுதிக்கொள்வேன். தினமும் காலை ஆறரைக்கு, எங்கள் ஊரான கொழும்புத்துறையில், இறங்குதுறையின் நுனியில்.

பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளர் கேட்டதால் தொடங்கிய வேலை. கடனீரேரியில் தொங்கும் மண்ணைப் பற்றி அவர் ஆய்வு செய்கிறார். கரையோரத்தில் குடியிருக்கும் சிலரிடம், தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவாக இருக்கிறது என்று தினமும் பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தார். அதற்கென்று செய்த வெள்ளைத் தட்டு எல்லோருக்கும் கொடுக்கப் போதவில்லை. வெள்ளைக் கோப்பை என்றாலும் போதும் என்றார். நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மற்றவர்கள் எழுதியதில் திகதியும் நேரமும் இடமும் எண்ணும் சரிதானா என்று பார்ப்பதே முப்பது வருட வேலை. எழுத ஓர் எண் கிடைத்தது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

இந்தக் கடலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் கடல் என்று சொல்வது கடனீரேரியை, கடலோடு தொடுத்த ஆழமில்லாத உப்பேரியை. கரையிலிருந்து அரை மைல் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாத இடங்கள் இதில் நிறைய. அதனால் வள்ளம் இல்லாதவர்கள் நடந்தே தொழிலுக்குப் போகிறார்கள். விடியற்காலையில் என் யன்னலைத் திறந்தால், தூரத்தில், தண்ணீருக்கு மேல் வெட்டி வைத்ததுபோல அரை உடம்புகள் நகரும். ஒவ்வொன்றின் பின்னாலும் இடுப்பில் கட்டிய கயிற்றில் ஒரு இலேசான வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டி மிதந்து வரும். பிடித்த இறாலும் மீனும் அதற்குள் போகும்.

என் அடுத்த வீட்டுக்காரன் அப்படி நடப்பவர்களில் ஒருவன். வயது நாற்பத்தைந்து இருக்கும். கையில் கோப்பையோடு என்னைக் காணும் ஒவ்வொரு காலையும் ஒரே பகிடியைச் சொல்வான்.

"என்ன அண்ணை, இண்டைக்கும் கடலுக்குச் சோறு போடப் போறியளோ?"

"ஓம். நேற்று மிச்சம் விட்டிட்டுது."

"கறி காணாது எண்டு விட்டிருக்கும்."

பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிப் போவான்.

முதல் வருடத்தில் நான் எழுதிய எண்களில் ஒரு ஒழுங்கு இருந்தது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கோப்பை முதல் முடிச்சிலேயே மறைந்துவிடும். காற்று விழுந்தால் இரண்டாம் முடிச்சு, மூன்றாம் முடிச்சு. பங்குனியில் காற்றே இல்லாத சில கிழமைகளில் கோப்பை நிலத்தில் போய் இருப்பது தெரியும்; அதன் விளிம்பில் நண்டுக்குஞ்சு ஏறிப் பார்ப்பதும் தெரியும். காற்று மண்ணைக் கிளப்பும், அமைதி அதை இறக்கும். அவ்வளவுதான்.

வாய்க்கால் வெட்டிய பிறகு அந்த ஒழுங்கு போயிற்று.

வாய்க்கால் வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்களே. இயந்திர வள்ளங்களின் விசிறி சேற்றில் புதைகிறது, துறையிலிருந்து ஆழமான இடம்வரை வெட்டித் தாருங்கள் என்று கடற்றொழிலாளர் சங்கம் மனுக் கொடுத்தது. அந்த மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். அடுத்த வீட்டுக்காரன் அதில் நாலாவதாகக் கையெழுத்து வைத்தான். நடந்து தொழில் செய்பவனுக்கு வாய்க்காலால் பயன் இல்லை. கையெழுத்துக் கேட்டார்கள், வைத்தான். தை மாதத்தில் மிதவை ஒன்றில் பெக்கோ இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு தெரு ஒழுங்கையின் அகலத்துக்கு, மூன்றடித் தண்ணீர் நின்ற இடத்தை ஏழடியாகத் தோண்டினார்கள். அள்ளிய சேற்றை மேற்குப் பக்கத்தில் வரிசையாகக் கொட்டினார்கள். அங்கே முழங்கால் உயரத்துக்குச் சாதாழை வளர்ந்திருந்தது. கடலுக்குள் வளரும் அந்தப் புல்தான் அடி மண்ணைப் பிடித்து வைத்திருந்தது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. மனுவை எழுதிய நானும் யோசிக்கவில்லை.

அந்த வருடச் சோளகம் கொட்டிய சேற்றைக் கரைத்தது. அதை எல்லோரும் எதிர்பார்த்தோம். காற்று விழுந்த பிறகும் தண்ணீர் தெளியாமல் இருந்ததுதான் எதிர்பாராதது.

மாரி முடிந்து அடுத்த பங்குனி வந்தது. தண்ணீர் கண்ணாடித் தகடுபோலக் கிடந்தது. அக்கரைத் தொலைபேசிக் கோபுரம் தலைகீழாக அதில் நின்றது. கோப்பையை இறக்கினேன். முதல் முடிச்சில் காணாமல் போயிற்று. எட்டு நாட்கள் அப்படியே எழுதினேன். ஒன்பதாம் நாள் இரண்டாம் முடிச்சில் கோப்பை தெரிந்தது. கயிற்றை அசைக்காமல் பிடித்துக்கொண்டு எழுதும் கொப்பியை எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது கோப்பையின் ஒரு பக்கம் மங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே மற்றப் பக்கமும் மங்கியது. ஒருவர் கீழே நின்று அதன்மேல் மெதுவாகத் துணியை இழுத்துப் போர்த்துவதுபோல இருந்தது. காற்று இல்லை. வள்ளம் எதுவும் ஓடவில்லை. மேல் தண்ணீரில் ஒரு சுருக்கமும் இல்லை. நேரத்தை எழுதினேன்: ஆறு முப்பத்தெட்டு. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நாரைகள் சேறு கொட்டிய அந்த வரிசையில் நிற்பதை விட்டிருந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றன, இந்தப் பக்கமும் நின்றன. வாய்க்கால் ஓரங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குள் ஒன்றுமே நிற்கவில்லை.

கோப்பையோடு இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. கிழமைக்கு ஒருமுறை, ஏழு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில், ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, திகதி எழுதி ஒட்டி வைக்கவேண்டும். வளாகத்திலிருந்து ஆள் வந்து எடுத்துப்போகும் வரை அந்தப் பழைய ஜாம் போத்தல்கள் என் யன்னல் விளிம்பில் வரிசையாக நிற்கும். கலங்கிய தண்ணீர் போத்தலுக்குள் தெளிவதைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மண் தனித்தனித் துகளாக விழுவதில்லை. உப்பு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பஞ்சுத் துணுக்குகள்போலத் திரண்டு, அவசரப்படாமல் இறங்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் மேலே தெளிந்த தண்ணீர், கீழே இரண்டு விரல் உயரத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. போத்தலில் இவ்வளவு கெதியாக இறங்கும் மண் கடலில் ஏன் இறங்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

ஒன்றைக் கவனித்திருந்தேன். கவனித்தேன் என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை. ஒழுங்கையால் லொறி போகும்போது போத்தல்களின் அடியில் இருந்த சேற்றின் மேல்பரப்பு நடுங்கும். ஒருநாள் ஒரு போத்தலைச் சரித்துப் பார்த்தேன். மூன்று கிழமைப் பழைய தண்ணீர். சேறு இறுகியிருக்கும் என்று நினைத்தேன். போத்தல் சரிந்த பக்கம் அதுவும் வழிந்து சரிந்தது. நிமிர்த்தினேன், அதுவும் நிமிர்ந்தது. தண்ணீருக்கு அடியில் இன்னொரு தண்ணீர் இருப்பதுபோல. விசித்திரம் என்று நினைத்தேன். போத்தலைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு எங்கள் சங்கத்தில் பாடு போடுவார்கள். கடலுக்குள் தடிகளை நட்டு, அவற்றில் வலையைச் சுற்றிக் கட்டி, உள்ளே வரும் இறால் திரும்பிப் போகாதபடி அமைப்பதைக் களங்கட்டி என்போம். அதை நடும் இடம்தான் பாடு. நல்ல பாடும் உண்டு, ஒன்றுக்கும் உதவாத பாடும் உண்டு. அதனால் வருடத்துக்கு ஒருமுறை இலக்கம் எழுதிய துண்டுகளைச் செம்பில் போட்டு எடுப்பார்கள். யாருக்கு எது விழுகிறதோ அந்த வருடம் முழுக்க அது அவருடையது. ஒரு நிபந்தனை: மூன்று கிழமைக்குள் தடி நடவேண்டும். நடாவிட்டால் பாடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அடுத்த வீட்டுக்காரனுக்குத் தொடர்ந்து மூன்று வருடம் கரையோரப் பாடு விழுந்தது. இறாலை விட நெகிழிப்பைகள்தான் கூட அகப்பட்டன. இந்த முறையும் அப்படி விழுந்தால் தெற்கே கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தான். அவனுடைய மனைவிக்கு அதில் விருப்பம் இல்லை. அவளுடைய தகப்பன் அப்படிப் போனவர். வருடத்துக்கு இரண்டு முறை விருந்தாளிபோல வருவாராம்.

செம்பிலிருந்து அவன் எடுத்த துண்டில் வெளிப்பாட்டின் இலக்கம் இருந்தது; கரையிலிருந்து எட்டி, வெளியே இருக்கும் பாடு. எல்லோரும் விரும்பும் இடம். சங்கக் கட்டடத்திலிருந்து வீடு வரைக்கும் அந்தத் துண்டைச் சட்டைப்பைக்குள் கைவைத்துப் பிடித்தபடியே வந்தான். வேலிக்கு மேலால் எனக்குக் காட்டினான்.

"கடைசியிலை கண் திறந்திட்டுது, அண்ணை."

"எப்ப தடி நடப் போறாய்?"

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அதுதான் யோசினை. வாய்க்காலுக்கு அங்காலை எல்லே. சுத்திப் போனால் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். தடியளை ஒருநாளைக்கு ஆரின்ரையும் வள்ளத்திலை ஏத்திப்போடலாம். ஒவ்வொரு விடியவும் ஆர் என்னை ஏத்தப் போகினம்?"

"குறுக்காலை நடக்கேலாதோ?"

"வெட்டேக்கை ஏழடி. இப்ப தூந்து மூடிட்டுது எண்டு சிலபேர் சொல்லுகினம். அண்ணைதானே தினமும் அளக்கிறியள். ஒருக்கா அளந்து சொல்லுங்கோவன்."

அடுத்த நாள் தொழில் முடிந்து வந்த வள்ளக்காரர் ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அவன் கடக்கப்போகும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். கோப்பையை மூன்று இடங்களில் இறக்கினேன். மூன்றிலும் ஏழாம் முடிச்சில் கயிறு தளர்ந்தது. கோப்பை எதிலோ இருந்துவிட்டது. மூன்றரை அடி. இரண்டு பக்கத்திலும் மூன்றடி. வாய்க்கால் ஏறத்தாழ மூடிவிட்டது. கொப்பியில் எழுதி, அடியில் கோடிட்டேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்கவேண்டும் என்பது பழைய தொழிலின் விதி. நான் மூன்று முறை பார்த்திருந்தேன்.

பின்னேரம் வேலியடியில் சொன்னேன். "மூண்டரை அடி. உனக்கு இடுப்பு."

அவனுடைய மனைவி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "வடிவாப் பாத்தனீங்களோ அண்ணை?" என்று கேட்டாள்.

"மூண்டு இடத்திலை பாத்தனான்."

"பேப்பர்க்காரர் பிழை விடமாட்டினமடி" என்றான் அவன்.

"பேப்பரிலை பிழை வந்ததே இல்லையோ?" என்று அவள் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். நானும் சிரித்தேன்.

மூன்று கிழமைத் தவணையில் ஐந்து நாள் மிச்சமிருந்தது. காலை ஆறு முப்பதுக்கு நான் துறை நுனியில் நின்றேன். அவன் தடிகளை ஒரு கட்டாகக் கட்டி மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போனான். ஏற்றிப்போவதாகச் சொன்ன வள்ளக்காரர் வரப் பிந்தும் என்று தெரிந்ததும், காத்திருக்கப் பொறுமையில்லாமல் வெளிக்கிட்டுவிட்டான். பெட்டி பின்னால் போயிற்று. தூரத்திலிருந்து கையை உயர்த்தி, வாயில் சோறு வைப்பதுபோலக் காட்டினான். நான் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன்.

பிறகு குனிந்து என் வேலையைப் பார்த்தேன். கோப்பை முதல் முடிச்சில் மறைந்தது. எழுதினேன். போத்தலில் தண்ணீர் எடுத்தேன். நிமிர்ந்தபோது கடலில் ஏதோ ஒன்று சரியாக இல்லை என்று பட்டது. என்ன என்று கண்டுபிடிக்கச் சில நொடிகள் எடுத்தன.

மற்றவர்களின் பெட்டிகள் எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நகரவில்லை. தடிக்கட்டு அதைவிட்டு விலகி, தன்பாட்டில் மெல்லக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்கு முன்னால் தோள்கள் இல்லை. தேங்காய் அளவில் கறுப்பாக ஒன்று இருந்தது. அதுவும் அசையவில்லை.

நான் கொப்பியைத் திறந்து, "ஆறு ஐம்பத்திரண்டு. பெட்டி நகரவில்லை" என்று எழுதினேன். எழுதிய பிறகே கத்தினேன். அந்த வரி இன்னும் கொப்பியில் இருக்கிறது. எழுத்து ஒழுங்காக, கோட்டின் மேல் நேராக இருக்கிறது.

அந்த வள்ளக்காரர் அப்போதுதான் துறைக்கு வந்தார். இருவரும் போனோம். கிட்டப் போனபோது அவன் முகம் மட்டும் வானத்தைப் பார்த்தபடி தண்ணீருக்கு மேல் இருந்தது. காதுகள் தண்ணீருக்குள். ஒரு கை பெட்டியின்மேல். கண்கள் திறந்திருந்தன. வேதனைப்படுகிறவனின் முகமாக அது இல்லை. எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பவனின் முகம்.

"மெல்ல வாங்கோ" என்றான். குரல் பக்கத்து அறையில் குழந்தை நித்திரை என்பதுபோல இருந்தது. "அலை வாய்க்குள்ளை போகுது."

வள்ளக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். மரக்கோலால் தள்ளிப் பக்கத்தில் போனோம். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதேங்கோ அண்ணை" என்றார் வள்ளக்காரர். "கை கழண்டு வரும், ஆள் வராது." கோலைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். கோப்பை நின்ற மூன்றரை அடியில் கோல் நிற்கவில்லை. அவர் அழுத்தவும் இல்லை. கோல் தன் பாரத்திலேயே இன்னும் இன்னும் இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் குனிந்து கேட்டார்.

"தம்பி, கால் நிலத்திலை முட்டுதோ?"

"இல்லை. முழங்காலுக்கு மேலை பிடிச்சிருக்கு. அதுக்குக் கீழை தெரியேல்லை." கண்களை என் பக்கம் திருப்பிச் சொன்னான்: "கீழை ஆக்கள் போகினம், அண்ணை."

"என்ன?"

"காலுக்குப் பக்கத்தாலை. ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தர் போற மாதிரி. தட்டிக்கொண்டு போகினம். முதல்லை மீன் எண்டு நினைச்சன். மீன் இல்லை. நிக்காமல் போகினம்."

மேலே தண்ணீர் அப்படியே கிடந்தது. அவனுடைய தலைமயிர்கூட ஒரு பக்கமும் இழுபடவில்லை.

அப்போது தென்மேற்கிலிருந்து முதல் காற்று வந்தது. ஒரு வீச்சுத்தான். வள்ளக்காரர் மூக்கைத் தூக்கினார். "சோளகம் வெளிக்கிட்டிட்டுது." எங்கள் கரையில் சோளகம் வீசினால் தண்ணீர் இந்தப் பக்கம் ஏறும். அதிகம் இல்லை, நாலைந்து விரல். அவனுக்கு மிச்சமிருந்தது இரண்டு விரல்.

பெட்டியை அவன் ஒரு அக்குளுக்குக் கீழே தள்ளினோம். வள்ளத்தில் இருந்த பலகையை மற்ற அக்குளுக்குக் கீழே கொடுத்து, அதன் நுனியை நான் விளிம்பில் அமர்த்திப் பிடித்தேன். வள்ளக்காரர் கோலை அவன் காலோடு ஒட்டி இறக்கி, வட்டமாக ஆட்டினார். சேற்றுக்கும் காலுக்கும் இடையில் தண்ணீர் போகவேண்டும் என்றார். அவசரப்படாமல், பானையில் கூழ் துழாவுவதுபோல. காற்று இரண்டாம் முறை வந்தது. அவன் வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டான். பிறகு மூக்குவரைக்கும் தண்ணீர் வந்து, போய், வந்தது.

"இடுப்புச் சாரத்தை அவிட்டு விடடா" என்றார் வள்ளக்காரர். "அதுதான் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. வாழ்க்கையில் நான் நேரம் எழுதாத ஒரே சம்பவம் அதுதான் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு பெரிய குமிழி எழும்பியது. கூழ்முட்டை மணம். பிறகு அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான். வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டோம். தொடைவரை இரண்டு காலும் சாம்பல் நிறம். கரைக்கு வருமுன் வெயிலில் அது காய்ந்து, வெடித்து, வேறு யாருடைய கால்களோபோல இருந்தது. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்க்கவில்லை.

அவன் மனைவி துறையடியில் நின்றாள். அவனைத் துவாயால் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னேரம் வேலிக்கு வந்தாள். அழுதிருக்கவில்லை, சத்தமும் போடவில்லை.

"உங்கடை கோப்பை நிண்டது, அண்ணை" என்றாள். "அவர் நிக்கேல்லை."

அந்த வசனத்தில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவு விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"ஆழத்தை எதாலை அளந்தனீங்கள், ஐயா?"

"கோப்பையாலை."

பிறகு பொறுமையாக விளக்கினார். கொட்டிய சேறு கரைந்து எழுகிறது. எழுந்தது தாழ்ந்த இடத்தைத் தேடி, அடியோடு அடியாக வாய்க்காலுக்குள் வழிந்து சேர்கிறது. அது இறுகுமுன் அடுத்த வழிசல் வருகிறது. அதனால் நிலமும் ஆகாமல், தண்ணீரும் ஆகாமல் கூழாகவே கிடக்கிறது. அகலமான, பாரமில்லாத ஒரு தட்டை அது தாங்கும். ஆளைத் தாங்காது. காற்று இல்லாத நாளிலும் அது வாய்க்கால் நீளத்துக்கு மெல்ல நகரும். நகரும்போது மேலே கொஞ்சம் புகைபோல எழும். பங்குனியில் என் கோப்பையை மூடியது அதுவாக இருக்கலாம். அவன் காலடியில் போனதும் அதுதான்.

"எப்ப இறுகும்?"

"சொல்லேலாது, ஐயா. புல்லுத் திரும்ப வந்தால்…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

தொலைபேசியை வைத்துவிட்டு யன்னலடிக்குப் போனேன். வரிசையில் மிகப் பழைய போத்தலை எடுத்தேன். நாற்பது நாள். சரித்தேன். அடியில் இருந்தது அவசரமில்லாமல் எழும்பி, என் பக்கம் வழிந்து வந்தது.

மீதி ஐந்து நாளும் அவன் கடலில் இறங்கவில்லை. தவணை முடிந்ததும் வெளிப்பாடு செம்பு முறைப்படி அடுத்தவருக்குப் போயிற்று. அவர் வேண்டாம் என்றார். அதற்கடுத்தவரும் வேண்டாம் என்றார். சங்கச் செயலாளர் கொப்பியோடு என்னிடம் வந்தார்.

"கூட்டக் குறிப்பிலை போடவேணும். வாய்க்கால் இப்ப எத்தினை அடி எண்டு ஒரு கணக்குச் சொல்லுங்கோ, அண்ணை."

"தெரியாது எண்டு எழுதுங்கோ."

"உங்களுக்கே தெரியாட்டி?"

"அதையும் எழுதுங்கோ."

தடிக்கட்டு இரண்டு நாளுக்குப் பிறகு அரியாலைப் பக்கத்தில் கரையொதுங்கியது. அவன் அதை எடுத்துவந்து வேலியில் சாத்தினான். கொழும்புக்குப் புறப்படுமுன் அவனே ஒரு யோசனை சொன்னான்: அந்தத் தடிகளை வாய்க்காலின் இரண்டு ஓரத்திலும் நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடலாம், நடக்கிறவர்களுக்குத் தெரியட்டும். தண்ணீருக்குள் இறங்காமல், வள்ளத்திலிருந்தபடியே அவனும் வள்ளக்காரரும் நட்டார்கள். ஓரத்து மண் கெட்டிதான், கோல் போட்டுப் பார்த்தோம் என்றார்கள். பன்னிரண்டு தடிகள். நான் துறை நுனியிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டேன்: மூன்றாவது தடி, அக்கரைத் தொலைபேசிக் கோபுரத்துக்கு நேர்.

போகிற அன்று காலை பையோடு வேலியடிக்கு வந்தான். மனைவி வாசல் படலையடியில் நின்று, எங்களைப் பார்க்காமல் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, கடலுக்குச் சோறு போடுறதை விட்டிடாதேங்கோ."

"விடமாட்டன்."

"அது இன்னும் பசியிலைதான் கிடக்கு" என்றான். வழக்கமாகச் சொல்லிவிட்டுச் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை.

அவன் பேருந்து ஏறி ஒன்பது நாட்களுக்குப் பிறகு ஒரு காலை. சோளகம் இடையில் ஓய்ந்திருந்தது. தண்ணீரில் அசைவில்லை. கோப்பையை இறக்கினேன், முதல் முடிச்சு. எழுதிவிட்டு, பழக்கத்தில், மூன்றாவது தடியைப் பார்த்தேன். கோபுரம் அதற்குப் பின்னால் இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, அன்று நின்ற அதே கல்லில் நின்று திரும்பப் பார்த்தேன். தடி கோபுரத்துக்குக் கிழக்கே ஒரு விரலளவு தள்ளி நின்றது. இரண்டாவதும் அப்படி. நாலாவதும் அப்படி. ஒன்றும் விழவில்லை, ஒன்றும் சரியவில்லை. சிவப்புத் துணிகள் தொங்கியபடி, இடைவெளி மாறாமல், வரிசை குலையாமல் நின்றன.

எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தன. கெட்டி மண் என்று நட்ட இடத்தில் ஒன்றுகூட இல்லை.